லைட் எரியுது... டயர் நல்லாத்தானே இருக்கு?

இந்த மாத வாகனக் கேள்வி-பதில் பகுதிக்கு டயர் சந்தேகங்களை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலானவை டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்தக் குட்டிச் சட்டியைப் பற்றித்தான். நடுவில் ஆச்சரியக்குறி போட்ட சட்டி. டி.பி.எம்.எஸ். எனப்படும் டயர் காற்றழுத்தக் கண்காணிப்பின் எச்சரிக்கை விளக்கு அது. மிச்சக் கடிதங்கள் எல்லாம் டயர் கடைக்குப் போய்விட்டு வந்தபின் ஆரம்பித்த தொல்லைகள். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஆணி குத்தி, பின் இடது டயரைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டினேன். கடையை விட்டு வந்ததிலிருந்து அந்த டயருக்கு மட்டும் எண் வரவில்லை. இரண்டு கோடுகள்தான் தெரிகின்றன. "சென்சார் பேட்டரி போயிடுச்சு சார், எங்க மேல பழி போடாதீங்க" என்கிறார் கடைக்காரர். கார் வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது. நம்பலாமா? (வேளச்சேரி வாசகர்)

சண்டைக்குப் போகும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வண்டி நிற்கும்போது இந்த சென்சார்கள் தூங்கிவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் கொஞ்ச நேரம் ஓடினால்தான் விழித்துக்கொண்டு தகவல் அனுப்பும். கடையிலிருந்து வீடுவரை நெரிசலில் ஊர்ந்தே வந்திருந்தால் கோடு காட்டியதில் அதிசயம் இல்லை. காலையில் சாலை காலியாக இருக்கும்போது ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் எண் வரவில்லை என்றால் விளக்கு எரியும் விதத்தைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மின்னி மின்னி, பிறகு நிலையாக நின்றால் சென்சாரிடமிருந்து சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். மின்னாமல் நேராக எரிந்தால் அமைப்பு நன்றாகவே வேலை செய்கிறது, காற்றுதான் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் சென்சாரை மாற்றியவர்களும் உண்டு, மின்னுகிற விளக்குக்காகத் தினமும் காற்றடித்தவர்களும் உண்டு.

இப்போது பேட்டரி. சென்சாருக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டு வரும். அதைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள் என்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. ஆனால் அது சாகும் விதம் வேறு. மார்கழிக் காலையில் ஒரு டயரின் எண் காணாமல் போகும், வெயில் ஏறியதும் திரும்பி வரும்; பத்து நாள் கழித்து மறுபடி போகும். அதே வயதுள்ள மற்ற மூன்றும் பின்னாலேயே வரிசை கட்டும். டயரைக் கழற்றிய அன்று காலைவரை ஒழுங்காக எண் காட்டிய சென்சார், கழற்றி மாட்டியதும் ஒரேயடியாக மௌனமானால் சந்தேகப்பட வேண்டியது கடை இயந்திரத்தை.

எங்கே உடைகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தீப்பெட்டி அளவுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாதான் சென்சார். வால்வின் உள்முனையில் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கியபடி ரிம்மின் பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். டயரை ரிம்மிலிருந்து விடுவிக்க, இயந்திரத்தின் பக்கவாட்டில் மண்வெட்டி போன்ற ஓர் இரும்புத் தட்டு இருக்கும். பெடலை மிதித்தால் அது டயரின் விளிம்பை உள்ளே தள்ளும். வால்வு அந்தத் தட்டுக்கு நேராக இருந்தால், உள்ளே போகும் ரப்பர் விளிம்பு நேராக டப்பாவின் தலையில் போய் இறங்கும். வெளியே சத்தமே கேட்காது. அடுத்த கண்டம், சக்கரத்தை மேசையில் வைத்துச் சுழற்றும்போது. டயரின் விளிம்பு டப்பாவை இழுத்துக்கொண்டே போய்க் கழுத்தை முறித்துவிடும். முறிந்த டப்பா டயருக்குள்ளேயே கிடந்தால், மெதுவாகப் போகும்போது 'கடகட' என்று உருளும் ஓசை வரும்.

வால்வு தட்டுக்கு எதிர்ப்பக்கமோ, குறைந்தது கால் வட்டம் தள்ளியோ இருந்தால் தட்டால் டப்பா உடையாது. அதனால் சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றும் முன்பே, "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு, வால்வு பக்கம் தட்டு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போவதை ஐந்து நிமிடம் தள்ளிப் போடலாம்.

உங்கள் வண்டிக்கு இனி செய்ய வேண்டியது: டி.பி.எம்.எஸ். ஸ்கேன் கருவி உள்ள சர்வீஸ் சென்டருக்கோ பெரிய டயர் கடைக்கோ போங்கள். கருவியை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்தால் அது சென்சாரைத் தட்டி எழுப்பி, அடையாள எண், காற்றழுத்தம், பேட்டரி நிலை ஆகியவற்றைக் காட்டும். பதிலே வரவில்லை என்றால் டயரைக் கழற்றச் சொல்லி, சென்சார் ரிம்மில் இருக்கும்போதே படம் எடுங்கள். கழுத்து முறிந்திருந்தால், டப்பாவின் மேல் புதுக் கீறல் இருந்தால், அதுதான் உங்கள் சாட்சி. கையில் கழற்றிக் கொடுத்த பிறகு எடுக்கும் படத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புது சென்சார் வாங்கும்போது பழையதன் பாகம் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இங்கே விற்கும் கார்களின் சென்சார்கள் வழக்கமாக 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். அமெரிக்கச் சந்தைக்கான 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார் பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், உங்கள் காரோடு ஒரு வார்த்தை பேசாது. பல வண்டிகளில் புது சென்சாரின் அடையாள எண்ணைக் காரின் கணினியில் பதிய வேண்டும். "மாட்டியாச்சு, ஓடினா தானா வந்துடும்" என்று அனுப்பினால், வந்த பிறகு காசு தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. வால்வு மூடி திருகவே வரவில்லை. டயர் கடைப் பையன் குறடு வைத்துத் திருக, வால்வே முறிந்து காற்று மொத்தமும் இறங்கிவிட்டது. இது அவன் தவறா, என் தவறா? (திருவான்மியூர் வாசகி)

முதல் குற்றவாளி யாரோ ஒருவர் போட்டுவிட்ட பித்தளை மூடி. சென்சாரோடு வரும் வால்வுத் தண்டு பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் பித்தளையோ வேறு உலோக மூடியோ ஏறி, நடுவே உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, மூடியும் தண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கம் இதற்கு அதிக நாள் தேவையில்லை. உள்ளே இருக்கும் வால்வு பின்னுக்கும் இதே கதைதான். சாதாரணப் பித்தளைப் பின் போட்டால் தண்டோடு பிடித்துக்கொள்ளும். நிக்கல் பூச்சுள்ள வெள்ளிநிறப் பின்தான் போட வேண்டும். டயர் கடையில் டப்பா நிறைய இருப்பதோ பித்தளைநிறப் பின்கள். அவசரத்தில் கைக்கு வருவது அதுவே.

குறடு போட்டதும் தவறுதான். ஒட்டிய மூடிக்குத் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, தண்டின் அடியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மூடியை முன்னும் பின்னுமாக மெல்லத் திருக வேண்டும். அசையவே இல்லை என்றால், முறிந்தாலும் சமாளிக்கத் தயாராக மாற்று வால்வு கையில் இருக்கும் இடத்தில்தான் கை வைக்க வேண்டும். பல சென்சார்களில் வால்வுத் தண்டு தனி, டப்பா தனி. தண்டு மட்டும் முறிந்தது என்றால் முழு சென்சாரையும் மாற்றச் சொல்பவரிடம், "தண்டு மட்டும் கிடைக்குமா?" என்று கேளுங்கள். 'சர்வீஸ் கிட்' என்ற பெயரில் ரப்பர் வளையம், வாஷர், நட்டு, பின், மூடி ஐந்தும் சேர்ந்து கிடைக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரியுங்கள். டயரை எப்போது கழற்றினாலும் அந்த ரப்பர் வளையத்தையாவது மாற்றிவிட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி அதே இடத்தில் சரியாக உட்காராது; வாரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கசிய ஆரம்பிக்கும். வால்வு நட்டை இறுக்கும் விசையும் பல சென்சார்களுக்கு 4 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டால் கொடுக்கிற அளவு. அங்கே நட்டு முடுக்கும் கன் இயந்திரத்தை வைத்தால் தண்டு அப்போதே விரிசல் விட்டுவிடும், முறிவது மட்டும் ஆறு மாதம் கழித்து.

மூடி பிளாஸ்டிக்கில், உள்ளே ரப்பர் வளையத்தோடு இருக்கட்டும். பளபளக்கும் குரோம் மூடிகளைக் கடற்கரைப் பக்கம் கொண்டு வராதீர்கள்.

கேள்வி: காலையில் 33 காட்டுகிறது. மே மாத வெயிலில் ஈ.சி.ஆரில் ஓட்டினால் 38-க்கு ஏறுகிறது. டயர் வெடித்துவிடுமோ என்று காற்றை இறக்கிவிடுகிறேன். சரிதானே? (நீலாங்கரை வாசகர்)

இறக்காதீர்கள். டயருக்குள் இருக்கும் காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். விடியற்காலை 28 டிகிரியில் இருந்த காற்று, ஓட்டமும் வெயிலும் சேர்ந்து 60 டிகிரியைத் தொட்டால் 33 என்பது 38 ஆவது வெறும் கணக்கு. டயரைச் செய்தவர்கள் இதையும் எண்ணித்தான் செய்திருக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, ஆறிய டயருக்கான அளவு. நடுவழியில் 33-க்கு இறக்கினால் மறுநாள் விடியற்காலை அதே டயர் 28-இல் நிற்கும். குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், அதில்தான் உண்மையான சூடு பிறக்கிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணம் குறைவான காற்றும் அதிகப்படி பாரமும்.

வண்டி ஒரே பக்கமாக வெயிலில் நின்றால் அந்தப் பக்க இரண்டு டயர் மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதுவும் கோளாறு இல்லை.

கேள்வி: பெட்ரோல் பங்கில் 33 வைத்தேன். கார் 30 என்கிறது. வீட்டில் உள்ள குட்டி பம்ப் 32 என்கிறது. யாரை நம்புவது? (அம்பத்தூர் வாசகர்)

மூன்றையும் ஒரே நேரத்தில், ஆறிய டயரில் பார்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை. பங்குக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதே டயர் சூடாகிவிடுகிறது. அங்கே 33 என்று நிறுத்தினால் ஆறியபின் 30, 31-தான் வரும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய் அடிக்கிறீர்கள் என்றால் 3 கூட்டி 36 வையுங்கள், மறுநாள் காலையில் சரிபார்த்து வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

பங்கு இயந்திரத்தின் மேல் முழுப் பழியும் போட முடியாது, ஆனால் அந்தக் குழாய் நுனி படும் பாட்டைப் பார்த்தால் பழி போடத்தான் தோன்றும். தரையில் கிடந்து, பைக்கும் லாரியும் ஏறி, உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும். வால்வில் பொருத்தியதும் 'உஸ்' என்று சத்தம் நிற்காமல் வந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரு நல்ல டிஜிட்டல் அளவி சொந்தமாக வாங்கி, எப்போதும் அதிலேயே பாருங்கள். காரின் சென்சார் காட்டுவதும் அதுவும் 1 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும்.

இன்னொரு குழப்பம் அலகு. 33 பி.எஸ்.ஐ. என்பது பாரில் 2.3, கிலோபாஸ்கலில் 228. திரையில் அலகு தவறுதலாக மாறிவிட்டதைக் கவனிக்காமல், '2.3-தான் இருக்கு' என்று பதறி ஓடுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் காரில் எண் எதுவும் காட்டாது, விளக்கு மட்டும்தான். நான்கு டயருக்கும் சரியாகக் காற்று வைத்த பிறகும் அணையவில்லை. (குரோம்பேட்டை வாசகி)

உங்கள் டயருக்குள் பெரும்பாலும் சென்சாரே இருக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் சென்சாரைக் கொண்டே இது கணக்குப் போடுகிறது. காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசம்தான் விளக்கை எரிய வைக்கிறது. ஆகவே காற்று வைத்தபின், 'இதுதான் சரியான அளவு' என்று அதற்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். டேஷ்போர்டிலோ திரையின் மெனுவிலோ ரீசெட் இருக்கும். நான்கு டயரும் ஆறிய நிலையில் சரியான காற்றோடு இருக்கும்போது அதை அழுத்தி, அரைமணி, ஒருமணி நேரம் சாதாரணமாக ஓட்டுங்கள், கற்றுக்கொள்ளும். டயர் மாற்றினாலும், இடம் மாற்றிப் போட்டாலும் இதையே செய்யுங்கள்.

விளக்கு எரிகிறதே என்று காற்று பார்க்காமல் ரீசெட் மட்டும் அழுத்துவது பொல்லாத பழக்கம். 24 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் டயரை, 'இதுதான் சரி' என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறீர்கள். நான்கு டயரும் சமமாகக் குறைந்தாலும் இந்த வகை பெரும்பாலும் வாய் திறக்காது. இரண்டு மாதம் காற்றே பார்க்காத வண்டியில் நடப்பது அதுதான். மழைவெள்ளத்தில் ஓட்டியபின் இந்த விளக்கு ஏ.பி.எஸ். விளக்கோடு சேர்ந்து எரிந்தால் சக்கரத்தின் உட்பக்கம் சேறு அப்பியிருக்கிறதா என்று முதலில் கழுவிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஓட்டையை இரண்டு கடையில் வெளியிலிருந்து ஸ்ட்ரிப் சொருகி அடைத்தார்கள். வாரம் 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. மூன்றாவது கடையில், 'மஷ்ரூம் போடணும், இல்லேன்னா லிக்விட் ஊத்தலாம்' என்கிறார்கள். எது நல்லது? (போரூர் வாசகர்)

மஷ்ரூம், அதாவது டயரின் உள்ளிருந்து போடும் காளான் வடிவ ஒட்டு. ஆனால் அதை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்ட்ரிப் என்பது வழியில் நிற்கும் வண்டியை வீடு சேர்க்கும் வைத்தியம். ஆணி நேராக இறங்கி, ஓட்டை சிறியதாக இருந்தால் வருடக்கணக்கில் தாங்குவதும் உண்டு. சாய்வாக இறங்கியிருந்தால் ஸ்ட்ரிப்புக்கும் ரப்பருக்கும் இடையே காற்று வழி தேடும். அதைவிட முக்கியம், டயரின் உட்பக்கம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து சொருகியவருக்குத் தெரியவே தெரியாது. காற்று இறங்கிய டயரில் நீங்கள் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் பக்கச்சுவர் உள்ளே அரைபட்டிருக்கலாம். டயரைக் கழற்றியதும் உள்ளே கையை விட்டுத் தடவச் சொல்லுங்கள். கறுப்பு ரப்பர் தூள் கையோடு வந்தால், பக்கச்சுவரின் உட்புறம் வட்டமாகச் சுருக்கம் தெரிந்தால், அந்த டயருக்கு எந்த ஒட்டும் வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

ஓட்டை தரையில் படும் பட்டைப் பகுதிக்குள் இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பட்டையும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டையிலோ, பக்கச்சுவரிலோ இருந்தால் ஒட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரியான முறை இது. பழைய ஸ்ட்ரிப்பைப் பிடுங்கி, ஆணி போன சாய்விலேயே ரீமர் என்னும் துருவும் கருவியை விட்டு ஓட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். உட்பக்கம் பேட்ச் உட்காரும் இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாக மெல்ல உரசி, சொரசொரப்பான மங்கல் கறுப்பாக்க வேண்டும். உரசிய தூளைக் காற்றடித்து ஊதாமல் உறிஞ்சியோ பிரஷ்ஷால் தட்டியோ எடுப்பது நல்லது; கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும், ஒட்டு பிடிக்காது. பிறகு சிமென்ட் எனப்படும் பசையை மெல்லிசாகப் பூசிக் காய விட வேண்டும். இங்கேதான் பாதிக் கடைகள் கோட்டை விடுகின்றன. பசை ஈரமாக இருக்கும்போதே பேட்ச்சை அழுத்திவிடுவார்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டுவது போல இருந்து, விரலில் பசை வராமல் இருக்க வேண்டும். அதற்கு நான்கைந்து நிமிடம் ஆகும். மழைநாளில் இன்னும் கூட. அதன்பின் காளானின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடையின் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பல் வைத்த உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவது போதாது. வெளியே நீட்டிய காம்பை இழுக்காமல், மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வெட்ட வேண்டும். காற்றடித்து, ஒட்டிய இடம், வால்வின் அடி, ரிம்மின் இரு விளிம்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர். கடைசியாக வீல் பேலன்சிங்.

சோப்புத் தண்ணீர் ரிம் விளிம்பில் நுரை கட்டினால் உங்கள் 3 பி.எஸ்.ஐ. அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது, ஓட்டையில் இல்லை. அலாய் வீலில் பெயின்ட் உரிந்து அரித்த இடம் அது. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, விளிம்புக்கான சீலர் பூசி மாட்டினால் நிற்கும்.

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் லிக்விட் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சென்சார் டப்பாவில் காற்றை அளக்க ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கிறது. லிக்விட் அதில் காய்ந்து அடைத்தால் சென்சார் கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். டயர் இறங்கினாலும் 33! வழியில் வேறு வழியின்றி ஊற்ற நேர்ந்தால், அடுத்துப் போகும் கடையில் அதைச் சொல்லிவிட்டு உள்ளே கழுவி, சென்சாரைத் துடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்களை ஆன்லைனில் வாங்கி மாட்டினேன். அதிலிருந்து ஒரு டயரில் மட்டும் காற்று குறைகிறது. (பெரம்பூர் வாசகர்)

மாட்டியிருக்கும்போது அந்த சென்சார் வால்வு பின்னை நிரந்தரமாக அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. காற்றை அடைப்பது இப்போது சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் மட்டும்தான். வாஷர் கோணினால் கசிவு. கழற்றி, வாஷரைத் துடைத்து, கையால் இறுக்கி, எச்சில் தடவிப் பார்க்காமல் சோப்புத் தண்ணீரில் பாருங்கள்.

அதில் நுரை வரவில்லை என்றால் வால்வின் அடியைச் சோதியுங்கள். 10 கிராம் சென்சார்தானே என்று தோன்றும். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் சுழலும்போது அந்தப் பத்துக் கிராம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கனத்தோடு வால்வை வெளிப்பக்கம் இழுக்கிறது. பழைய ரப்பர் வால்வு அடியில் மடங்கி மடங்கி வெடிப்பு விடும். விரலால் வளைத்துப் பார்த்தால் தெரியும். இந்த வகை சென்சார் வேண்டுமென்றால் முதலில் உலோக வால்வுக்கு மாறுங்கள். நீளமான ரப்பர் வால்வில் கூடவே கூடாது. திருட்டைத் தடுக்க அடியில் ஒரு பூட்டு நட்டு தருவார்கள், அதன் குட்டி ஸ்பேனரைக் காரிலேயே வையுங்கள். இல்லையென்றால் பங்கில் காற்றடிக்கும்போது விழிக்க வேண்டியதுதான்.

கேள்வி: டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். எந்த டயரின் எண் எங்கே காட்டுகிறது என்றே சந்தேகமாக இருக்கிறது. (அண்ணா நகர் வாசகர்)

ஆறிய டயர்களில் முன் இடது 30, முன் வலது 32, பின் இடது 34, பின் வலது 36 என்று வேண்டுமென்றே வேறு வேறாக வைத்துப் பக்கத்துத் தெருக்களில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். திரையில் எந்த மூலையில் எந்த எண் வருகிறது என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். சில கார்கள் தாமாகவே இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஸ்கேன் கருவியால் மறுபதிவு செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: டயர் மாற்றிய கடையில் கன் வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இரவில் பஞ்சராகி, வண்டியோடு வந்த ஸ்பேனரால் ஒரு நட்டுகூட அசையவில்லை. இப்படித்தான் இறுக்க வேண்டுமா? (மாதவரம் வாசகி)

கூடாது. சாதாரணக் கார்களுக்குச் சக்கர நட்டின் இறுக்கம் வண்டியைப் பொறுத்து 85 முதல் 125 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். 100 என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 34 கிலோ அழுத்தம். எழுபது கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டிவிடும். கன்னோ அதையும் சுலபமாகத் தாண்டும். விளைவு, நட்டு ஏறும் ஸ்டட் இழுபட்டு மரை கெடும், டிஸ்க் சமமில்லாமல் இறுகி பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

நட்டுகளை முதல் மூன்று நான்கு மரை கையால்தான் ஏற்ற வேண்டும். கன்னில் வைத்தே ஆரம்பித்தால் மரை ஏறுமாறாகப் போய்விடும். கன்னை மெல்ல ஒட்டும்வரை மட்டும் பயன்படுத்தி, வண்டியை இறக்கியபின் எதிரெதிராக, விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் 'டக்' சத்தம் வரும்வரை முடுக்க வேண்டும். அலாய் வீல் என்றால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. சுலபமாகக் கழலட்டும் என்று மரையில் கிரீஸ் தடவுவதும் வேண்டாம். அதே விசைக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். கடையை விட்டுக் கிளம்பும் முன், உங்கள் வண்டி ஸ்பேனராலேயே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டைத் தளர்த்திக் காட்டச் சொல்லி, திரும்ப டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முறைப்பார்கள். பரவாயில்லை.

கேள்வி: சென்சாரை உடைத்த கடை, 'ஏற்கெனவே உடைஞ்சிருந்தது' என்று சாதிக்கிறது. பில்லும் தரவில்லை. எங்கே போவது? (கொளத்தூர் வாசகர்)

பில் இல்லையென்றாலும் ஜி-பே போன்ற பணம் செலுத்திய பதிவு இருக்குமே, அதைப் பத்திரப்படுத்துங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, படங்களைச் சேர்த்து, முதலில் கடைக்கே எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது. அடுத்தமுறை சாவியைக் கொடுக்கும் முன், நான்கு எண்ணும் தெரியும் திரையைக் கடை வாசலிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டெப்னி மாட்டியதும் விளக்கு மின்னுகிறது. ஸ்டெப்னியும் கெட்டுவிட்டதா? (பல்லாவரம் வாசகர்)

பெரும்பாலான கார்களில் ஸ்டெப்னிக்கு சென்சார் கிடையாது. பழைய சக்கரம் திரும்பி வந்ததும் விளக்கு அணையும். ஸ்டெப்னி மற்றவற்றைவிடச் சிறிய அளவாக இருந்தால் அதன் மேலேயே எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டாதீர்கள், பொதுவாக 80 கிலோமீட்டர்.

கேள்வி: சென்னையில் 33 வைத்துக் கிளம்பி ஊட்டி போனோம். மலை ஏறிய மறுநாள் காலைக் குளிரில் எண் குறையும் என்று நினைத்தால், கையில் உள்ள அளவி 34 காட்டியது. காரின் திரை 31 என்றது. (முகப்பேர் வாசகி)

இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட மூன்றரை பி.எஸ்.ஐ. குறைவு, அதனால் டயருக்குள் இருப்பது அந்த அளவு கூடியதாக அளவிக்குத் தெரியும். குளிர் இரண்டு, இரண்டரையை இறக்கும். மிச்சம் ஒன்று ஏறுகிறது. சில கார் சென்சார்கள் முழு அழுத்தத்தையும் அளந்து, அதிலிருந்து கடல்மட்டத்துக் கணக்கையே கழிக்கும். அவற்றுக்கு மலை ஏறியது தெரியாது, குளிர் மட்டும்தான் தெரியும். காற்றைத் தொடாமல் இறங்கி வந்தால் சென்னையில் மறுநாள் காலை இரண்டும் 33-க்குத் திரும்பியிருக்கும்.